கட்டை அண்ணாச்சி வீடு வந்து சேர்ந்த வழி

திருநெல்வேலியில் எத்தனையோ பேர் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். ஆனால் பின்னால் ஒரு அடி எடுத்துவைக்கத் தெரியாத மனிதர் எங்கள் கட்டை அண்ணாச்சி ஒருவர்தான்.

பெயரைக் கேட்டு ஆள் குள்ளம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறடிக்குக் குறையாது. ஆனித் தேரோட்டத்தின்போது சக்கரத்துக்கு அடியில் சறுக்குக் கட்டை கொடுத்து, அத்தனை பெரிய தேரை நிறுத்துவதும் முக்கில் திருப்புவதும் அவர் வேலை. தேர் கீழ ரத வீதியில் புறப்பட்டால் தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றித்தான் நிலைக்கு வந்து சேரும். போன வழியே திரும்பி வராது. தேருக்கு உள்ள இந்த விதியை அண்ணாச்சி வருஷம் முழுக்கத் தமக்கும் வைத்துக்கொண்டார்.

அவர் வீடு கீழ ரத வீதியில். வெற்றிலைக் கடை அதற்கு வடக்கே மூன்றாவது வாசல். தேர் போவதோ தெற்கே. ஆகவே மூன்று வாசல் தள்ளி வெற்றிலை வாங்க அண்ணாச்சி நான்கு வீதியும் சுற்றுவார். அவர் மனைவி, எங்கள் மதினி, உலையை வைத்துவிட்டு அந்தப் பக்கம் உப்பு வாங்கிவரச் சொன்னால் அன்றைக்கு உப்பில்லாத சோறுதான். ஒருநாள் பந்தல் போட்டுக் குறுகிப்போன வீதியில் எதிரே காளை மாடு வந்துவிட்டது. இரண்டும் வெகுநேரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. கடைசியில் மாடுதான் பின்வாங்கியது.

இப்படிப்பட்ட மனிதரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சுதேசிப் பேச்சு பலமாக இருந்து, ஊரில் கலகமும் நடந்த வருஷம் அது. கலகம் முடிந்த மறுநாள் காலையில் அண்ணாச்சி கட்டைக்கு இரும்புப் பூண் போடலாம் என்று அதைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கியிருக்கிறார். கலகத்துக்கு மறுநாள், ஆறடி ஆள், தோளில் மரக்கட்டை. போலீஸ்காரர்களுக்கு வேறென்ன தோன்றும்? கீழ வீதி, தெற்கு வீதி முழுக்க ஜனங்கள் வேடிக்கை பார்க்க, தெற்கு வீதிக் கோடியில் இருந்த ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

சிரிக்கிற விஷயமாக இருந்திருக்கும், அவருடைய மகள் செண்பகத்துக்கு ஏரலில் மாப்பிள்ளை பேசி முடித்திராவிட்டால். மாப்பிள்ளையின் தாய்மாமன் வடக்கு ரத வீதியில் ஜவுளி வியாபாரி. அவர் சொல்லுக்கு ஏரலில் மறுசொல் கிடையாது. "லாக்கப்புல கெடந்தவன் வீட்டுல நாங்க எப்படி வே கை நனைக்கது?" என்று அவர் நாலுபேரிடம் கேட்டது மதினி காதுக்கும் வந்துவிட்டது.

நான் அப்போது ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எங்கள் வக்கீல் ஐயா போய்ப் பேசியதில், மூன்றாம் நாள் காலையில் கேஸ் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். அழைத்துவரக் கிளம்பிய என்னிடம் மதினி அழுதுகொண்டே சொன்னாள்:

"தம்பி, அவுகளைப் பைய முடுக்கு வழியா கூட்டிட்டு வந்துருங்க. ஒருத்தர் கண்ணுலயும் படாண்டாம்."

எனக்கும் அந்தச் சந்து வழிதான் சம்மதம். வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரம், கக்கத்தில் கேஸ் கட்டு என்று மதிப்போடு திரிகிறவன் நான். லாக்கப்பிலிருந்து வந்தவரோடு வீதியில் நடப்பதா?

ஸ்டேஷனில் போய்ப் பார்த்தால் ஏட்டையா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வே குமாஸ்தா, மொதல்ல இந்த மனுசனைக் கூட்டிட்டுப் போவும். விட்டாச்சுன்னு சொல்லி ஒரு மணி நேரம் ஆச்சு. போக மாட்டேங்காரு!"

அண்ணாச்சி முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, முடுக்கு வழியா போயிருவோம், வாங்க."

"ஏலே, தேரு முடுக்குல போவுமா?"

"அப்ப வந்த வழியே போவோம்."

"வந்த வழியே திரும்புமா? ரெண்டு வீதி வந்து பாதியில நிக்கி. மேல வீதி, வடக்கு வீதி சுத்தி நெலைக்குச் சேக்கணும். இழுத்துட்டு வந்தவங்கதான் சேக்கணும். ஏட்டையா, கெளம்பும்."

ஏட்டையா என்னைப் பார்த்தார். நான் ஏட்டையாவைப் பார்த்தேன். மூன்று நாள் அவரோடு இருந்த மனிதருக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. "எங்கயோ போய்த் தொலைவோம்" என்று தொப்பியை மாட்டினார்.

"கட்டை?" என்றார் அண்ணாச்சி.

மூலையில் கிடந்த கட்டையைக் கான்ஸ்டபிள் ஒருவர் தூக்கி நீட்டினார். அண்ணாச்சி கை நீட்டவில்லை. "எடுத்தது நீரு. நீரே கொண்டாரும்."

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் அண்ணாச்சி, பக்கத்தில் ஏட்டையா, பின்னால் கட்டையைச் சுமந்துகொண்டு முக்கி முனகும் கான்ஸ்டபிள். நான் பத்தடி தள்ளி, இவர்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மேல வீதியில் முதலில் நாலைந்து பேர் வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது லாக்கப் இல்லை, தேர்க் கட்டையைப் போலீஸ் சுமக்கிற காட்சி. "அண்ணாச்சிக்குச் சர்க்கார் மரியாதை நடக்கு வே!" என்று ஒருவர் கத்தினார். ஒருத்தி செம்பில் மோர் கொண்டுவந்தாள். முக்குத் திரும்பும்போது எங்களுக்குப் பின்னால் பாதி வீதி வந்துகொண்டிருந்தது.

வடக்கு வீதியில் ஜவுளிக்காரர் வாசலிலேயே நின்றார். அண்ணாச்சி அவருக்கு நேரே வந்ததும் திரும்பிப் பாராமல் குரல் கொடுத்தார்: "போடு கட்டையை!"

தேரோட்டத்தில் ஆயிரம் பேரை நிறுத்துகிற குரல் அது. கான்ஸ்டபிள் யோசிக்காமல் கட்டையை அண்ணாச்சியின் காலடியில் போட்டுவிட்டார். ஊர்வலம் அப்படியே நின்றது.

ஜவுளிக்காரர் ஏட்டையாவிடம் கேட்டார், "இவுகமேல என்ன கேசு?"

"கேசுமில்ல, ஒண்ணுமில்ல மொதலாளி. நாங்க ஆள் தெரியாம கூட்டிட்டுப் போயிட்டோம்" என்றார் ஏட்டையா, அத்தனை பேர் கேட்க.

ஜவுளிக்காரர் இறங்கி வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கட்டையைத் தம் தோளில் ஏற்றினார்.

"உள்ள வாங்கன்னா வர மாட்டீரு. நடவும் சம்பந்தி, நெலைக்குக் கொண்டு சேத்துருவோம்."

வாசலில் எங்களைக் கண்டதும் மதினி அழுதாள், சிரித்தாள். முடுக்கு வழியை மறந்ததற்காக என்னையும் இரண்டு வார்த்தை திட்டினாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. செண்பகத்தை ஏரலுக்கு வண்டி ஏற்றிவிட்ட காலையில் நானும் போயிருந்தேன். வண்டி நேரே தெற்கே போயிற்று. அண்ணாச்சி அதன் பின்னாலேயே முக்கு வரைக்கும் போனார். வண்டி தாண்டிப் போயும் அங்கேயே நின்றார். இனி வழக்கம்போல் நான்கு வீதியும் சுற்றித்தான் வருவார் என்று நான் நினைத்தேன்.

அவர் சுற்றவில்லை. வண்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து, வீட்டு வாசல் வரைக்கும் வந்தார். பழக்கமில்லாத கால், இரண்டு தடவை தடுமாறியது. இந்தத் தடவை நான் பத்தடி தள்ளி நிற்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், வழியில் கிடந்த கல்லையெல்லாம் காலால் ஒதுக்கிக்கொண்டே வந்தேன்.