பிலிம் இல்லாமல் நடந்த நிச்சயதார்த்தம்

குனோங் ராபாட், ஈப்போ
12.6.1983

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் பத்திநாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் ஸ்டானிஸ்லாஸ் எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் இசபெல்லாவும் சுகம். உங்கள் கேமராவும் சுகம். மகள் ரோசரி மட்டும் சாப்பிடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது உங்களிடம் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கேமராவை ரோசரியின் நிச்சயதார்த்தத்துக்காக வாங்கி வந்தேன் அல்லவா? அதை மாப்பிள்ளை சூசைநாதன் பார்த்தார். உங்கள் ஊர்த் தொழிற்சாலையில் டிவி பாகங்களைப் பூட்டுகிறவர், சும்மா இருப்பாரா? "மாமா, ஜப்பான்ல பிலிமே இல்லாத கேமரா செஞ்சிட்டானாம், பேப்பர்ல போட்டிருக்கு. இதையும் அப்பிடி மாத்திடலாம்லா" என்றார். பின்கதவைக் கழற்றினார், யாரோ கழித்துப் போட்ட காவல் கேமராவின் படம் பிடிக்கிற குழாயை அங்கே பொருத்தினார், ஒயரை இழுத்து எங்கள் டிவியில் சொருகினார். படமும் வந்தது. அதில் இசபெல்லா தலைகீழாக நின்றாள். அவளைத் திருப்ப முடியாதென்பதால் டிவியைக் கவிழ்த்து வைத்தோம். இந்தப் படத்தை எடுத்து வைக்க என்ன வழி என்று கேட்டேன். "அதுக்கு டிவிய இன்னொரு கேமராவுல பிடிக்கணும் மாமா" என்றார். பெண் கொடுக்கிற இடம், தலையை ஆட்டி வைத்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலையிலேயே மலையில் கல் உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுண்ணாம்புத் தூசி வீடெல்லாம். நீங்கள் அத்தனை தடவை சொல்லி அனுப்பினீர்களே, கேமராவை நானே பொத்திப் பொத்திப் பாதுகாத்தேன். சம்பந்தி வீட்டார் தட்டுகளோடு வந்து உட்கார்ந்தார்கள். ஓட்டையில் கண்ணை வைத்து, இரண்டாகத் தெரிந்த மாப்பிள்ளையின் மூக்கை வளையத்தைத் திருகி ஒன்றாக்கினேன். எல்லாரும் பளிச்சென்று தெரிந்தார்கள். டிவியில் மட்டும் கும்மிருட்டு. சூசைநாதன் ஒயரை ஆட்டினான், டிவியைத் தட்டினான், வேர்த்துக் கொட்டினான். "நல்ல நாளும் அதுவுமா இப்பிடி கறுப்பா காட்டுதே, கடவுளே" என்று சம்பந்தியம்மா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு மானம் போனது. "ஒரு ஒயரு ஒழுங்கா சொருகத் தெரியாதவனுக்கா என் பொண்ணு?" என்று கேட்டுவிட்டேன். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரோசரி அறைக்குள் போனவள்தான், வெளியே வரவில்லை.

ஆகையால் மச்சான், பெரியவராக நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். என் முடிவில் மாற்றமில்லை. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்டானிஸ்லாஸ்

பி.கு.: மச்சான், போகாதீர்கள்! இன்னும் டிவியில் சொருகியபடியே இருந்த கேமராவை உங்களுக்குத் திருப்பி அனுப்பக் கட்ட வந்த இசபெல்லா, "தூசி படாம மூடி போட்டீங்களே, அத யாரு கழட்டுறது, பாதிரியாரா?" என்கிறாள். அந்தக் கேமராவில் பார்க்கிற ஓட்டை வேறு, படம் பிடிக்கிற கண்ணாடி வேறாம். மூடியைக் கழற்றினேன். மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நான்தான் டிவியில் தெரிகிறேன். ரோசரி வெளியே வந்து பார்த்தாள், சிரித்தாள். இந்தப் படத்தை எடுத்து வைக்கத்தான் வழியில்லையே. "அவரு வந்து பாக்குற வரைக்கும் அப்பிடியே நில்லுங்கப்பா" என்கிறாள். இதை நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். மாப்பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து சேருங்கள், கால் வலிக்கிறது.