துத்தநாகமும் ஒரு திருத்தமும்

எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதுகிறவள் ரகசியம் வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால், இரண்டு கொப்பிகளுக்கு ஒரே நீல உறை போடக் கூடாது.

ஒன்று எங்கள் பங்குக் கோயில் மாதர் சங்கத்தின் கூட்ட அறிக்கைக் கொப்பி. நான்தான் செயலாளர். மற்றது என் சொந்தக் கொப்பி. கலியாணமாகி மூன்றாவது வருடம் எனக்குப் பிசிஓஎஸ் என்றார்கள், சூலக நீர்க்கட்டி. துத்தநாகம், செலினியம், குரோமியம் போன்ற நுண் கனிமங்களுக்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என்று எங்கோ வாசித்தேன். ('இருக்கலாம்' என்பதை மட்டும் கவனிக்கவில்லை.) எந்த நாள் என்ன குளிசை விழுங்கினேன், துத்தநாகத்துக்காக எவ்வளவு மட்டிச் சிப்பி சாப்பிட்டேன், மாதவிடாய் வந்ததா, எல்லாம் இலக்கமிட்டு எழுதினேன். மாமிக்குத் தெரிந்தால் பேரப்பிள்ளை இல்லையென்றே முடிவு கட்டிவிடுவா என்று பயம்.

அந்தச் சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் டொக்டரிடம் கொப்பியை நீட்டினேன்.

"பிள்ளை, இதிலை திருவிழாப் பந்தலைப் பற்றியெல்லோ கிடக்கு?"

அப்படியென்றால், இன்றைய கூட்டத்துக்கென்று காலையில் ரீட்டா அக்காவிடம் கொடுத்தது? அவ உப செயலாளர். முன்னுக்கு வைத்ததை வாசிப்பா, என்னவென்று பார்க்கமாட்டா.

"குறை இருக்கோ எண்டு சோதிக்காமல் ஏன் இவ்வளவு குளிசை? துத்தநாகம் கூடினால் செம்பு குறைஞ்சிடும்," என்று டொக்டர் திங்கட்கிழமை இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதித் தந்தார். பாதி காதில் விழுந்தது. ஓடி ஓட்டோ பிடித்தேன்.

"அண்ணை, கெதியா விடுங்கோ."

"ஆஸ்பத்திரியிலை ஆருக்கும் கடுமையோ தங்கச்சி?"

"எனக்குத்தான்."

மண்டப வாசலில் கால் வைக்கும்போது ரீட்டா அக்காவின் குரல் கணீரென்று கேட்டது: "நாலாவது. புதன்கிழமை. துத்தநாகக் குளிசை இரண்டு. மட்டிக் கறி இரண்டு அகப்பை. இந்த மாதமும் மாதவிடாய் வரவில்லை."

விசிறிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. முன்வரிசையில் மாமி.

தலைவிக்கு வழக்கம்தான் முக்கியம். "அறிக்கையிலை திருத்தம் ஏதும் உண்டோ?"

மாமி எழும்பினா. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்டு இருக்கு. புதன்கிழமை மட்டியை இவ தின்னேல்லை. என்ரை மகன்ரை சோத்துக் கோப்பையிலை தள்ளினவ. நான் பாத்தனான்." வாசலுக்கு வந்து என் கையிலிருந்த டொக்டரின் துண்டை வாங்கிப் பார்த்தா. "மற்றதெல்லாம் சரி. குளிசையை மாத் தகரப் பேணிக்குள்ளை ஒளிக்கேக்கை, புட்டு அவிக்கிறது ஆர் எண்டு யோசிச்சிருக்க வேணும். திங்கக்கிழமை ரத்தம் குடுக்க நானும் வாறன்."

"திருத்தத்தோடை ஏற்கலாம் எண்டு முன்மொழியிறன்," என்றது பின்வரிசை. ரீட்டா அக்கா வழிமொழிந்தா.

சோதனையில் துத்தநாகம் குறைவில்லை. இரும்புதான் குறைவு.

இப்போதும் நான் மட்டியை ஓரமாக ஒதுக்கினால் என் கணவர் கேட்பார், "திருத்தம் உண்டோ?" மாமி சோற்றிலிருந்து தலை நிமிர்த்தாமலே கையை உயர்த்துவா. என் கொப்பியில் அந்தப் புதன்கிழமை வெட்டித் திருத்தப்பட்டிருக்கிறது, மாமியின் கையெழுத்தில், திகதியோடு.