தும்மல் மேஸ்திரி விதையை 'வித்த' கதை

உலகத்திலேயே மூக்கைக் காட்டி உத்தியோகத்தை நிரந்தரமாக்கிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் தும்மல் மேஸ்திரிதான். பொறாமையில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பொறாமையில்தான் சொல்கிறேன்.

எழுபதுகளில், கேரளத்து மறையூருக்கு மேலே மாடு மேய்ந்து மொட்டையாகிப்போன மலைச்சரிவுகளில் மறுபடி புல் வளர்க்க என்னையும் அவரையும் வனத்துறையில் தற்காலிகமாக வேலைக்கு வைத்தார்கள். ஆளுக்கொரு சரிவு. யார் சரிவில் புல் பிடிக்கிறதோ, அவருக்கு வேலை நிரந்தரம். நான் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவன். அவருக்குக் கையெழுத்துப் போடவே கால் மணி நேரமாகும்.

மூட்டையில் வந்த அரசாங்க விதையை நான் நூல் பிடித்து விதைத்தேன். பாதியைப் புறா தின்றது, மீதியை மழை அடித்துக்கொண்டு போனது. மேஸ்திரியோ தன் மூட்டையிலிருந்து ஒரு விதைகூட விதைக்கவில்லை. பழைய புல் நின்ற இடங்களைத் தேடிப் போய், கதிர் கதிராக மூக்கை நுழைத்தார். தும்மல் வந்தால் உருவிப் பைக்குள் போடுவார். வராவிட்டால் அடுத்த கதிர்.

"என்ன மேஸ்திரி இது?"

"முத்துன கதிருன்னா தூசி பறக்கும்லா சார். பச்சக் கதிருக்கு நம்ம மூக்கு அசையாது."

அவர் போட்ட தும்மலில் கீழே கரும்பாலை மாடுகள் மிரண்டதாகக் கேள்வி. விதையைச் சாணியில் உருட்டிச் சரிவெங்கும் எறிந்தார். இரண்டே மாதத்தில் அவர் சரிவு பச்சைப் பசேல். என்னுடையது, இன்றைய என் தலை மாதிரி.

வயிறு எரிந்தது. அப்போதுதான் அவர் கொட்டகையில் அரசாங்க மூட்டையைக் காணவில்லை என்று கவனித்தேன். பார்வையிட வந்த மலையாளி ஆபீசரிடம் ஓடினேன்.

"சார், மேஸ்திரி வித்துட்டார் சார்!"

"வித்திட்டோ?"

"முழு மூட்டையும் சார்!"

"மிடுக்கன்!"

மலையாளத்தில் வித்து என்றால் விதை, மிடுக்கன் என்றால் கெட்டிக்காரன். விற்றுவிட்டார் என்று நான் வைத்த கோள், விதை போட்டுவிட்டார் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. மேலே ஏறினார், பச்சையைப் பார்த்தார், நிரந்தர வேலைக்கு மேஸ்திரி பெயரை எழுதிக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் மேஸ்திரி என் சரிவுக்கு வந்தார், தோளில் விதைப்பையோடு.

"எனக்காவ நீங்கதான் பேசினியளாம். ஆபீசர் சொன்னாவ."

"அந்த மூட்டை எங்கே மேஸ்திரி?"

"புறாவுக்குத்தான் சார். ஓரமாக் கொட்டி வச்சேன். வயிறு நெறஞ்சா நம்ம வெதையத் தொடாதுல்லா."

உண்மையைச் சொல்லாமலே அவர் நன்றியை வாங்கிக்கொண்டேன். நான் கணக்குத் தீர்ந்து ஊருக்குப் பஸ் ஏறும்வரை, தினமும் தன் வேலை முடிந்ததும் வந்து என் மொட்டைச் சரிவில் குனிந்து விதைத்தார். அப்படி ஒரு மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்ற பொறாமை இன்னும் தீரவில்லை.