அம்மா போட்ட நாலு மார்க்

எதையும் சான்று காட்டி நிறுவிவிடலாம் என்று, இலக்கியம் படித்த காலமெல்லாம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு சனிக்கிழமை மதியம், மீன்குழம்பின் முன்னிலையில் காலமானது.

அக்கா, தூத்துக்குடித் துறைமுகத்தில் தன்னுடன் பணிபுரியும் ஆலந்தலைக்காரரை விரும்பினாள். அவர் கத்தோலிக்கர், நாங்கள் நாசரேத்துப் புராட்டஸ்டண்டுகள். கணக்கு ஆசிரியரான அப்பா, "பெத்தவங்க பாத்து வைக்கிற கல்யாணந்தான் நிறைவா இருக்கும்" என்று பேச்சை முடித்துவிட்டார். அக்கா அழுதாள். நான் வினாத்தாள் தயாரித்தேன். (அழுவதைவிட அது நாகரிகம் என்று நினைப்பு.)

இல்லற நிறைவுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்? காதலித்து மணந்த எதிர்வீட்டுத் தம்பதிக்கு இரண்டு தாள். பெரியோர் பார்த்து மணந்த அம்மா அப்பாவுக்கு இரண்டு. பெயர் எழுத வேண்டாம், ரகசியம் காக்கப்படும் என்று உறுதியளித்தேன். (இரண்டே பேர் எழுதிய தாளில் என்ன ரகசியம் என்பது உறைக்கவில்லை.)

எல்லோரும் சாப்பிட அமர்ந்ததும், தொண்டையைச் செருமி முடிவை வாசித்தேன். "காதல் மணம்: எட்டு, எட்டு. பெரியோர் பார்த்த மணம்: ஒன்பதரை, நான்கு."

அப்பாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. ஒன்பதரை போட்டவர் அவர்.

"நாலா?" என்றார் அம்மாவிடம்.

"கோயில்ல நம்ம கல்யாணத்த அறிவிச்சு ஓலை வாசிச்ச அன்னைக்குத்தான் ஒங்க முழுப்பேரே எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா, அப்பளத்தை நொறுக்கியபடி. "அதுக்கப்புறம் இத்தன வருசத்துல ஒரு நாளாவது, சாப்ட்டியான்னு கேட்டிருப்பியளா?"

"நாலுன்னா பாஸ்தானப்பா" என்று நான் ஆறுதல் கூறினேன்.

"ஏளா, வாய மூடு" என்றாள் அக்கா. தன் கல்யாணம் குழம்பில் மூழ்குவதை அவள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுத் தலை நரைத்த அப்பா, மூன்று நாள் அந்த நாலு மார்க் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்காம் நாள் காலை அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"சாப்ட்டியா?"

"மணி ஆறுதான ஆவுது" என்றாள் அம்மா. ஆனால் சிரித்துவிட்டாள்.

அப்பா அக்காவின் பக்கம் திரும்பினார். "அந்தப் பையன் ஒன்ட்ட இதக் கேப்பானா?"

"தெனமும் கேக்காருப்பா."

"அப்பம்னா அவன வரச் சொல்லு."

அடுத்த மாதம் எங்கள் கோயிலில் அக்காவின் கல்யாண ஓலை வாசிக்கப்பட்டது. அப்பாவோ மறுமதிப்பீட்டில் இன்றுவரை ஆறேகாலைத்தான் எட்டியிருக்கிறார். துணி காயப்போடும் நாள்களில் மட்டும் கால் மதிப்பெண் கூடும்.

இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். போன வாரம் வந்த மாப்பிள்ளையை அப்பா தனியே அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"தம்பி, பிள்ள தங்கமான பிள்ள. வெள்ளத்தாளும் பேனாவுமா வந்தா மட்டும், வேல இருக்குன்னு எந்திரிச்சிருங்க."