தீர்மானம் அண்ணன் நடத்திய தேர்தல்

உலகத்திலேயே ஜனநாயகத்தை முழுசாக நம்பியவர் ஒரே ஒருவர்தான். அவர் கறம்பக்குடி கடலை மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் தீர்மானம் அண்ணன்.

சமஸ்தானம் போய் ஓட்டு வந்ததும் மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வீட்டில் சாம்பாரா ரசமா என்பதற்கே தீர்மானம் போட்டுக் கை தூக்கச் சொல்வார். மனைவியும் நான்கு பிள்ளைகளும் ஒரே கட்சி. ஐந்து வருஷம் தோற்றுத் தோற்று ரசமே சாப்பிட்டார். ஒருமுறை புதுக்கோட்டை பஸ்ஸை டிரைவர் நடுவழியில் டீ குடிக்க நிறுத்தினார். அண்ணன் பயணிகளிடம் ஓட்டெடுத்து, பெரும்பான்மை எதிர்ப்பு என்று போய் அறிவித்தார். டிரைவர் நிதானமாக இன்னொரு வடை வாங்கிக்கொண்டு, "அப்ப நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

அவர் உயிரை வைத்திருந்தது எங்கள் குடிமக்கள் மன்றத்தில். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, முந்தின நாள் பேப்பர். ஊராருக்கு மனு எழுதச் சொல்லிக் கொடுப்போம், ஓட்டுப் போடப் பழக்குவோம். இப்படிப்பட்ட மன்றங்களுக்கு பிளாக் ஆபீசில் சின்ன மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு வருஷம் நடையாய் நடந்தார். கிடைத்தால் ரேடியோ வாங்கலாம். செயலாளராக அந்த மானிய உத்தரவைத் தன் கையால் வாங்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

ஒருவழியாக அதிகாரி வந்தார். அவர் முன்னிலையில் செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வானவரிடம் உத்தரவைக் கொடுப்பார்.

"போட்டியில்லாம இவரத்தான்னு எழுதிக்கவா?" என்றார் அதிகாரி.

"போட்டி இல்லாட்டி அது என்ன தேர்தலுங்க?" என்று எழுந்த அண்ணன், டெய்லர் ராவுத்தரைப் பிடித்து எதிரே நிறுத்தினார்.

"என்னைய விட்டுருங்கண்ணே. தைக்கிற துணி கெடக்கு" என்றார் ராவுத்தர்.

"சும்மா நில்லுங்க. ஒங்களுக்கும் சேத்து நானே பிரசாரம் பண்றேன்." பண்ணவும் செய்தார்.

கரும்பலகை மறைவில் ஆளுக்கொன்றாக இரண்டு பிஸ்கட் டின் வைத்தோம். பிடித்தவர் டின்னில் சீட்டைப் போட வேண்டும். வாத்தியார் என்பதால் எண்ணுகிற வேலை எனக்கு. முதலில் அண்ணனின் டின்னைத் திறந்தேன். ஒரே ஒரு சீட்டு. ராவுத்தரின் டின் மூடியை மூட முடியாத அளவுக்கு நிரம்பியிருந்தது.

விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணன் எப்படியும் ஜெயிப்பார். பாவம், ராவுத்தருக்கு ஒரு ஓட்டாவது விழட்டும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தர்மம் செய்திருந்தார்கள். நானும்தான். அண்ணனும்கூட. அந்த ஒற்றைச் சீட்டைப் போட்டவர் ராவுத்தர்.

"தெரியாமப் போட்டுட்டோம்ணே. இன்னொருதரம் வச்சுருவோம்" என்று கொட்டகையே கெஞ்சியது. ராவுத்தர் எல்லாரையும்விட அதிகமாகக் கெஞ்சினார். அதிகாரியும் சரியென்றார்.

அண்ணன் அசையவில்லை. "நமக்குப் பிடிச்ச முடிவு வர்ற வரைக்கும் ஓட்டெடுக்கிறதா? அதுக்கு ராஜாவே இருந்திருக்கலாமே. போட்டது போட்டதுதாங்க." மன்றத்தின் சாவியை மடியிலிருந்து எடுத்து ராவுத்தர் கையில் வைத்தார். உத்தரவு கொடுக்கப்பட்டபோது முதலில் கை தட்டியவரும் அவர்தான்.

சாயங்காலம் அவருடன் நடந்து போனேன்.

"வருத்தமாண்ணே?"

"பின்ன இருக்காதா வாத்தியாரே? இதுக்குன்னே புதுச் சட்டை தச்சேன். அதையும் ராவுத்தர்கிட்டதான் தச்சேன்." அந்தச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டே, "ஆனா தேர்தல் சுத்தமா நடந்துச்சுல்ல?" என்று கேட்டார்.

"ரொம்பச் சுத்தம்ணே."

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு ஓட்டுப் போட்டு ஏமாந்திருக்கிறேன்; எல்லாம் மறந்துபோயிற்று. திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா என்று நான் இன்றும் ஏங்குவது, ராவுத்தர் டின்னில் போட்ட அந்த ஒரு சீட்டுக்குத்தான்.