பச்சை மூடிக் கேன்கள்

நடமாடும் நூலக வண்டி நாற்சந்தியின் நட்டநடுவில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து ஹாரன் அடித்தார்கள்.

"சொன்னேனா இல்லையா மேடம்?" என்றார் டிரைவர். அவர் முகத்தில் கவலையே இல்லை. தான் எழுதிய விடைதான் சரி என்று தெரிந்துகொண்ட மாணவனின் திருப்திதான் இருந்தது. "எண்ணெய்ங்கறது வாணலியில ஊத்தறது. வண்டியில ஊத்தினா அது கோவிச்சுக்காம என்ன செய்யும்?"

நூலகர் கைப்பேசியை எடுத்துத் தம்பியை அழைத்தாள்.

"டேய், வண்டி நின்னுபோச்சுடா."

"சூப்பர்க்கா!"

"என்னடா சூப்பர்? நடுரோட்டுல நிக்கறேன். ஊரே திட்டுது."

"ஃபில்டர் அடைச்சிருக்கும்க்கா. சாதா டீசல் டேங்க்ல அழுக்கைச் சேர்த்துக்கிட்டே போகும். நம்ம பயோடீசல் அந்தப் பழைய அழுக்கையெல்லாம் கரைச்சு எடுத்துடும். அது வந்து ஃபில்டர்ல உக்காந்துக்கும். அப்படின்னா நம்ம எண்ணெய் வேலை செய்யுதுன்னு அர்த்தம்!"

வேலை செய்கிற எண்ணெயை ஊற்றிய வண்டியை நாலு பேர் சேர்ந்து தள்ளி ஓரம் கட்டினார்கள்.

தம்பிக்கு வீட்டில் 'விஞ்ஞானி' என்று பெயர். பட்டம் கொடுத்தவர்கள் பாராட்டாகக் கொடுக்கவில்லை. கைநிறையச் சம்பளம் வந்த விற்பனை வேலையை உதறிவிட்டு, ஊரிலுள்ள கேன்டீன்களில் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை வாங்கி வந்து, வீட்டுக் கார் ஷெட்டில் சூடாக்கி, ரசாயனம் கலந்து, அடியில் தங்கும் கசண்டை நீக்கி, தேன் நிறத்தில் பயோடீசல் எடுக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கார் இரண்டு வருஷமாக வெயிலில் நிற்கிறது. அப்பாவுக்கு அந்த ஆத்திரம் வேறு. "இன்னும் ரெண்டு மாசத்துக்குள்ள ஒருத்தனாவது உன் எண்ணெயை வாங்கணும். இல்லேன்னா ஷெட்டைக் காலி பண்ணிட்டுப் பழைய வேலைக்கே போ" என்று கெடு வைத்துவிட்டார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. நகராட்சி வண்டிகளைக் கவனிக்கும் இன்ஜினியரிடம் நடையாய் நடந்தாள். அவர் கடைசியில் இறங்கி வந்தார்.

"முதல்ல உங்க நூலக வண்டியில ஒரு மாசம் ஓட்டிக் காட்டுங்கம்மா. நல்லபடியா ஓடினா குப்பை லாரி அத்தனைக்கும் உங்க தம்பிகிட்டயே வாங்கிக்கறோம். நின்னு தொலைச்சா, இந்தப் பேச்சை அதோட விட்டுடணும்."

அன்றே தம்பி பச்சை மூடி போட்ட கேன்களைக் கொண்டுவந்து வண்டி நிறுத்துமிடத்து வாட்ச்மேனிடம் ஒப்படைத்தான். அங்கே எரிபொருள் ஊற்றுவது வாட்ச்மேனின் தனி உரிமை. ஸ்டோர் சாவியை அவர் தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. "தினமும் காலைல இதைத்தான் ஊத்தணும்" என்று தம்பி சொன்னதற்கு, அவர் கேனைத் திறந்து முகர்ந்து பார்த்து, வண்டியைப் பார்த்து, தம்பியையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் பாத்துக்கறேன் தம்பி" என்றார்.

மறுநாளிலிருந்தே வாசனை கிளம்பிவிட்டது. வண்டி பூங்கா வாசலில் போய் நின்றதும், பொரிக்கும் மணம் தெருமுனை வரைக்கும் போனது. பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். தொப்பை போட்ட ஒரு பெரியவர் படியேறி உள்ளேயே வந்துவிட்டார்.

"சூடா என்ன இருக்கு?"

"புத்தகம்தான் சார் இருக்கு."

"பொரிச்சது எதுவும் இல்லையா?"

"எப்படிப் பொரிக்கறதுன்னு புத்தகம் இருக்கு."

ஏறி வந்துவிட்டோமே என்ற கூச்சத்தில் அவர் இரண்டு புத்தகம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் மனைவியையும் கூட்டி வந்தார். ஈ ஓட்டிக்கொண்டிருந்த நூலகத்தில் வரிசை நின்றது. நூலகருக்கு உள்ளூர ஒரே பெருமை.

"ஒண்ணு கவனிச்சீங்களா மேடம்?" என்றார் டிரைவர். "ஓடும்போது வாசனையே வரலை. நின்னாத்தான் வருது."

"ஓடும்போது காத்துல போயிடும்ணே" என்றான் தம்பி.

"புகை அப்படியே கன்னங்கரேல்னு வருதே? குறையும்னீங்க?"

"உள்ள இருக்கிற பழைய கரி வெளிய வருது."

எதைக் கேட்டாலும் தம்பியிடம் பதில் தயாராக இருந்தது. வண்டியிடம்தான் இல்லை.

ஃபில்டரை மாற்றினார்கள். மாற்றிய மெக்கானிக் கழற்றும்போது பழைய ரப்பர் குழாயை ஒரு இழு இழுத்திருக்கிறார். மூன்றாம் நாள் அது வெடித்து, வண்டி போன வழியெல்லாம் கோலம் போட்டது.

"அதுவும் எதிர்பார்த்ததுதான்க்கா" என்றான் தம்பி. "சாதா டீசலுக்குன்னு செஞ்ச பழைய ரப்பர் பயோடீசலுக்கு ஒத்துக்காது. ஊறி இளகிடும். புது மாதிரி குழாய் போட்டுட்டா ஆயுசுக்கும் கவலையில்ல."

புது மாதிரிக் குழாய் வந்தது. அது வண்டியின் வாய்க்கு ஒரு சுற்றுப் பெரிசாக இருந்தது. கம்பியை வைத்து இறுக்கினார்கள். இறுக்கிய இடத்தில் காற்றுப் புகுந்து, வண்டி ஒவ்வொரு மேட்டிலும் மூச்சு வாங்கியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

இதற்கு நடுவே வாட்ச்மேன் வேறு ஒரு புகாரோடு வந்தார்.

"மேடம், உங்க தம்பி கேன் மேல கேனா கொண்டாந்து இறக்கறாரு. என் ரூம்ல கால் நீட்ட இடமில்ல. குறுக்கிக்கிட்டுத் தூங்கறேன்."

"காலி கேனையெல்லாம் மொத்தமா எடுத்துக்கச் சொல்றேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றாள் நூலகர். அவளுக்கு இருந்த தலைவலியில் வாட்ச்மேனின் காலைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டிரைவர் வந்து, வண்டி கிளம்பவில்லை என்றார்.

குளிர் ஆரம்பித்திருந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி 'உம்' என்று உறுமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"பயோடீசல் குளிர்ல சாதா டீசலை விடச் சீக்கிரம் கெட்டியாகும்க்கா. அது ஒண்ணுதான் அதோட குறை."

"அது ஒண்ணுதானாடா?" என்றாள் அக்கா.

மறுநாள் விடியலில் தம்பி எழுந்துபோய், அண்டா நிறைய வெந்நீர் வைத்து, டேங்கின் தலையில் அபிஷேகம் செய்தான். வண்டி கிளம்பியது. டேங்க் மூடி சரியாக மூடவில்லை என்பதை அவனும் கவனிக்கவில்லை, வெந்நீரும் சொல்லவில்லை.

இன்ஜினியர் பார்வையிட வருவதாகச் சொன்னதும் அதே நாள்தான்.

வண்டி எப்படியோ பூங்கா வாசல்வரை வந்து சேர்ந்தது. டிரைவர் ஓரம் கட்டியதும் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. தம்பி கூட்டிவந்த மெக்கானிக் டேங்கின் அடித்திருகைக் கழற்றினார். பாத்திரத்தில் முதலில் விழுந்தது எண்ணெய் இல்லை, தண்ணீர்.

"இதுல குளிக்கலாம்" என்றார் மெக்கானிக். "டேங்கை முழுசா வடிச்சுட்டுப் புதுசா ஊத்தணும். இப்போதைக்கு நகராது."

நூலகர் வாட்ச்மேனை அழைத்து, இருக்கிற எண்ணெயைக் கொண்டுவரச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இன்ஜினியரின் ஜீப் வந்து நின்றது.

வானம் இருட்டிக்கொண்டு வந்த மத்தியானம் அது. ஆனாலும் வண்டிக்குள் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மின்விசிறி சுற்றியது. கணினியில் புத்தகங்கள் பதிவாகிக்கொண்டே இருந்தன. பின்பக்கம், வண்டியின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே வாய் வைத்திருந்த, வண்டி நின்றதும் போடுகிற சின்ன டீசல் ஜெனரேட்டர் தன்பாட்டுக்கு ஓடியது. போன வருஷம் வாங்கியது. வீட்டில் ஒருத்தர் ஒழுங்காக வேலை செய்தால் அவரை யார் கவனிக்கிறார்கள்? அதையும் யாரும் கவனிக்கவில்லை.

இன்ஜினியர் வண்டியைச் சுற்றி வந்தார். கழற்றிப் போட்ட குழாய், கறுத்த ஃபில்டர், பாத்திரத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்தார். டிரைவரைக் கேட்டார். டிரைவர் ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்காததையும் சொன்னார்.

"என்னம்மா இது?" என்றார் இன்ஜினியர். "சாதா டீசலோட ஒப்பிட்டுப் பாக்கலாம்னு கொடுத்தேன். ஒப்பிட என்ன இருக்கு? நகராட்சியில நிக்கற வண்டிக்கு ஏற்கெனவே பஞ்சமில்ல."

நூலகர் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையெல்லாம் மசியோடு, சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு நின்ற மாதிரியே நின்றான். அன்றைக்கும் அவள்தான் அவனுக்கு முன்னால் போய் நின்றாள். இன்றைக்கும் போனாள்.

"சார், தண்ணி போனது எங்க தப்பு. வண்டி பழசு. அவனைக் குறை சொல்லாதீங்க. ரெண்டு வருஷமா அவன் ஒரு நாள்கூட ஒழுங்காத் தூங்கலை. அவன் தோத்துட்டான்னு நீங்க சொல்லலாம். பொய் சொன்னான்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"விடுக்கா" என்றான் தம்பி. "சார் சொல்றது சரிதான். ஓடலை. நான் நாளைக்கே ஷெட்டைக் காலி பண்ணிடறேன்."

டிரைவருக்கே பாவமாகப் போய்விட்டது. "பையன் உழைப்பாளிதான் சார்" என்று முணுமுணுத்தார்.

இன்ஜினியர் மனசு கனத்து, வண்டிக்குள் ஏறி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது.

"ஏம்மா, இந்த ஜெனரேட்டர் ஒரு மாசமா இப்படித்தான் ஓடுதா?"

"ஆமாம் சார். அது ஒரு நாளும் தகராறு பண்ணினதில்ல."

இன்ஜினியர் இறங்கிப் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். புகைக்குழாயின் வாயில் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தார். விரலில் பேருக்குக்கூடக் கரி ஒட்டவில்லை. வரிசையில் நின்ற தொப்பைக்காரப் பெரியவர், "அதுகிட்டத்தான் வாசனை தூக்கலா இருக்கு" என்றார். அவர் பசியில் பேசுகிறார் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"டீசல்னா இப்படி இருக்கணும்!" என்று நிமிர்ந்தார் இன்ஜினியர். "எங்க லாரிக்கு வர்றதைப் போட்டா ஊரே கறுக்குது. இதைப் பாருங்க, சத்தமில்ல, புகையில்ல. தம்பி, நீ வருத்தப்படாதே, ஆனா உண்மையை ஒத்துக்கணும். இந்த ஜெனரேட்டருக்கு எந்த டீசலை ஊத்தறாங்களோ, அதையேதான் இனிமே அத்தனை குப்பை லாரிக்கும் வாங்கப் போறேன். இவ்வளவு பேர் முன்னால சொல்றேன், என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அது எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் யாராவது சொல்லுங்க."

அந்த நேரம் தள்ளுவண்டி ஒன்று கிறீச்சென்று வந்து நின்றது. அதன் மேல் ஆளுயரத்துக்குக் கேன்கள். எல்லாமே பச்சை மூடி. எல்லாமே நிறைந்து தளும்பின. பின்னால் வேர்த்து விறுவிறுத்து வாட்ச்மேன் நின்றார்.

"என்னங்க இது?" என்றாள் நூலகர். "எல்லாக் கேனும் அப்படியே இருக்கு?"

வாட்ச்மேன் தோளைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு பொதுவாகச் சொன்னார்:

"புது எண்ணெய், ஆழம் தெரியாம காலை விடுவானேன்னு, பெரிய எஞ்சினுக்கு ஸ்டோர் டீசலையே ஊத்திட்டு, தம்பியோட எண்ணெயை முதல் நாள்லேர்ந்து இந்தக் குட்டி மிஷினுக்குத்தானே ஊத்திப் பாத்துக்கிட்டிருக்கேன்!"