சம்மந்தி கொள்ளாம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் இருபது வயதுவரை எனக்குக் கிடையாது.

தமிழிலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்தபோது, தமிழும் மலையாளமும் ஒரு காலத்தில் ஒரே பேச்சாக இருந்து, நூற்றாண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் பிரிந்தவை என்று வகுப்பில் சொன்னார்கள். 'ஒரே பேச்சு' என்றதுமே நான் நோட்டை மூடிவிட்டேன். பிரிந்த கதையைக் கேட்கவில்லை.

அந்த வருடம்தான் அண்ணனோடு வேலை பார்த்த லேகா, கோட்டயத்திலிருந்து பெற்றோரைக் கிரிவலத்துக்கு அழைத்து வந்தாள். மறுநாள் காலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் டிபன். லேகாதான் மருமகள் என்பது எங்களுக்குத் தெரியும். அவளைப் பெற்றவர்களுக்குத் தெரியாது.

"கல்யாணப் பேச்சே எடுக்காதீங்கப்பா. அவ இன்னும் வீட்ல சொல்லல" என்று எச்சரித்துவிட்டு அண்ணன் பால் வாங்கப் போனான். லேகா அம்மாவோடு சமையலறைக்குள். கூடத்தில் அப்பா, லேகாவின் பெற்றோர், மொழிபெயர்ப்பாளராக நான். (யாரும் நியமிக்கவில்லை.)

லேகாவின் அப்பா தோசையைக் காரச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுத் தலையாட்டினார். "சம்மந்தி கொள்ளாம்."

அப்பா நிமிர்ந்தார். "இன்னாம்மா சொல்றாரு?"

"சம்மந்திய ஏத்துக்கலாமாம்ப்பா!"

அப்பா பாய்ந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டார். "நாங்க வாயத் தொறக்காம உக்காந்திருந்தோம். நீங்களே சொல்லிட்டீங்க சம்மந்தி!"

சட்னியைப் பாராட்டியதற்கு இப்படிக் கட்டிப்பிடிக்கும் மனிதரை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் நேர்மையானவர். குறையையும் சொன்னார்: "பக்ஷே, எரிவு கொறச்சு கூடுதலாணு."

"ஆனா உங்களுக்கு எரிச்சல் கொஞ்சம் ஜாஸ்தியாம்ப்பா."

அப்பாவின் கோபம் தெருவுக்கே பிரசித்தம். "எனக்கா? எனக்கா எரிச்சல்?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

லேகா தோசைத் திருப்பியோடு ஓடிவந்தாள். "அங்கிள், எங்க ஊர்ல சம்மந்தின்னா சட்னி! சட்னில காரம் ஜாஸ்தின்னு சொல்றாங்க!"

அப்பா பொத்தென்று உட்கார்ந்தார். லேகாவின் அப்பா நிதானமாகக் கேட்டார்: "அப்போ தமிழில் சம்மந்தி எந்தா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தெரியாது அங்கிள்" என்றேன், வாழ்க்கையில் முதல்முறையாக. தெரிந்த ஒரே வார்த்தைக்கு.

லேகா அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். பத்து நிமிட மலையாளத்தில் எனக்குப் புரிந்தது அண்ணனின் பெயர் மட்டும். பால் பாக்கெட்டோடு அவன் நுழைந்தபோது லேகாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அப்பா அண்ணனை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னார். நான் வாயெடுப்பதற்குள் அம்மா மாவுக் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"உட்காரச் சொல்றாங்க" என்றாள் லேகா.

அவர் சம்மதிக்க ஆறு மாதம் ஆனது. என்னால் கல்யாணம் தள்ளிப்போனதா, என்னால்தான் நடந்ததா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

இப்போதும் அவர் ஃபோன் செய்தால், "காரச் சட்னி அவிடெ உண்டோ?" என்றுதான் கேட்பார். அப்பா ஓடிவந்து வாங்கி, "இருக்கேன் சம்மந்தி, இன்னைக்கு எரிச்சல் கம்மிதான்" என்பார். நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஸ்பீக்கரை அணைத்துவிடுவார்.